கணினிக்குள் ஒரு தனிக் கணினி: வேறு இயங்குதளத்தைப் பயமில்லாமல் ஓட்டிப் பார்க்க

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் கணினிக் கடை போட்டாலும் மூன்று விதமான ஆட்கள் தேடி வருவார்கள். முதல் ஆள் மீன் கம்பெனிக்காரர். ஏலக் கணக்கு, படகுகளுக்குக் கொடுத்த முன்பணம், ஐஸ் பாக்கி எல்லாம் எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த ஒரு மென்பொருளில் கிடக்கின்றன. அது விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பழைய சிபியுவோ உப்புக் காற்றில் துருவேறி, இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. இரண்டாவது, கல்லூரிப் பிள்ளைகள். "அண்ணே, விண்டோஸ் போகாம லினக்ஸ் போட்டுப் பாக்க முடியுமா?" மூன்றாவது, கீழக்கரையில் ஏதாவது ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி. தெரியாத முகவரியிலிருந்து இன்வாய்ஸ் என்ற பெயரில் ஒரு ஜிப் ஃபைல் வந்திருக்கும். "காக்கா, இதத் தொறக்கலாமா?" (அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்.)

தம்பிக்கு என் முதல் பதில்: தொறக்காதே, அனுப்பினதாகச் சொல்கிற கம்பெனிக்கு போன் போட்டுக் கேளு. மற்ற இரண்டு பேருக்கும் விடை விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். தம்பிக்கும் அது ஓரளவு உதவும். எந்த அளவுக்கு என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அது என்ன செய்கிறது?

ஓர் இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் போன்றது) எழுந்ததும் முதலில் விசாரிப்பது வன்பொருளைத்தான். ரேம் எவ்வளவு இருக்கிறது, டிஸ்க் எங்கே, நெட்வொர்க் கார்டு எது, திரை எவ்வளவு பெரிது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நிஜமான வன்பொருளுக்குப் பதில் ஒரு மென்பொருளே பதில் சொன்னால், இயங்குதளம் அதை நம்பி வேலையைத் தொடங்கிவிடும். அப்படிப் பதில் சொல்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். நம் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருக்கும், ஹைப்பர்வைசர் உள்ளே இருப்பவனிடம் 3 ஜிபி என்று சொல்லும். உள்ளே இருக்கும் லினக்ஸ் 25 ஜிபி டிஸ்க் என்று நம்புவது, வெளியே விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும் ஒரே ஒரு பெரிய ஃபைல். அதன் திரை, நம் திரையில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைச் சின்னதாக்கிவிட்டு இந்தப் பக்கம் நீங்கள் எக்செல்லில் கணக்குப் போடலாம்.

வெளியே இருக்கும் நிஜக் கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். எந்த மென்பொருளைத் திறந்தாலும் இந்த இரண்டு சொற்களும் வரும், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு கணினியைப் போல நடிப்பதென்றால் ரொம்ப மெதுவாக இருக்காதா என்று கேட்கலாம். பெரும்பாலும் இருக்காது. கெஸ்ட்டின் சாதாரணக் கட்டளைகளை, கூட்டல் கழித்தல் போன்றவற்றை, நிஜ பிராசசரே நேரடியாகச் செய்துவிடுகிறது. இயந்திரத்தையே கட்டுப்படுத்தும் வகைக் கட்டளை வரும்போது மட்டும் ஹைப்பர்வைசர் இடைமறித்து, "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தன் கணக்கில் செய்து கொடுக்கும்.

இந்த யோசனை நேற்று வந்ததல்ல. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்றில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், ஒரே பெரிய கணினியைப் பல பேருக்குப் பல கணினிகளாகக் காட்டும் வேலை தொடங்கியது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. நம் மேசைகளுக்கு வந்த இன்டெல் வகைப் பிராசசர்கள்தான் வெகுகாலம் இதற்கு ஒத்துழைக்கவில்லை. இடைமறிக்க வேண்டிய கட்டளைகள் சில, மாட்டிக்கொள்ளாமல் நழுவிவிடும்படி அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. விஎம்வேர் நிறுவனம் 1999இல் வெளியிட்ட மென்பொருள், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி அந்தச் சிக்கலைத் தாண்டியது. அப்புறம் 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் பிராசசருக்குள்ளேயே இதற்கான வசதியை வைத்தன. இன்று கடையில் வாங்கும் லேப்டாப் எதிலும் அந்த வசதி அநேகமாக இருக்கும். அது திறந்திருக்கிறதா, அடைத்து வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு வருகிறேன்.

இரண்டு இயங்குதளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஆகாதா?

ஆகும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அது ஒரு முறை. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். நீங்களே டிஸ்க்கைப் பிரித்துப் போடும்போது ஒரு தப்பான பட்டனை அழுத்தினால் விண்டோஸ் பக்கம் இருக்கும் கல்யாண போட்டோவெல்லாம் போய்விடும். போதாததற்கு, ஒரு பக்கத்தில் புகுந்த வைரஸ் மற்றப் பக்கத்து டிஸ்க்கைத் தாராளமாகத் தொடலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே வன்பொருளின் மேல் முழு உரிமையோடு உட்கார்ந்திருக்கின்றன. லினக்ஸ்தான் இனி என்று முடிவு செய்தவர்களுக்கு அது சரி. ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு விஎம்.

உங்கள் கணினி தாங்குமா?

4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் முயற்சி செய்யலாம், ஆனால் உள்ளேயும் வெளியேயும் இரண்டுமே தவழும். 8 ஜிபி இருந்தால் ஒரு லினக்ஸ் வசதியாக ஓடும். விண்டோஸுக்குள் விண்டோஸ் 11 ஓட்ட வேண்டுமென்றால் 16 ஜிபி இல்லாமல் இறங்காதீர்கள். ரேமில் பாதிக்கு மேல் கெஸ்ட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப் கொண்டுவருபவர்களிடம், முதலில் ஒரு எஸ்எஸ்டி மாற்றுங்கள், விஎம் ஆசையைப் பிறகு பார்க்கலாம் என்று நான் சொல்வதுண்டு.

பிராசசர் வசதி திறந்திருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை அழுத்துங்கள். கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் எனேபிள்ட் என்று இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். டிசேபிள்ட் என்றால், கணினியை மறுபடி ஆன் செய்யும்போது எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் விசையை அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக வேண்டும். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்டெல் கணினியில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் மோட் என்றும் ஒரு வரி இருக்கும். அதைத் திறந்துவிட்டுச் சேமித்து வெளியே வாருங்கள். அங்கே வேறு எதையும் தொட வேண்டாம்.

மென்பொருளைப் பொறுத்தவரை, புதியவர்களுக்கு நான் சொல்வது விர்ச்சுவல்பாக்ஸ். இலவசம், திறமூலம், விண்டோஸ் லினக்ஸ் இரண்டிலும் ஒரே முகம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 முதல் இலவசம், கொஞ்சம் வழுவழுப்பாக ஓடும், ஆனால் தரவிறக்கக் கணக்குத் தொடங்கி அலைய வேண்டும். லினக்ஸிலேயே இருப்பவர்களுக்கு 2007இல் லினக்ஸின் உட்கருவான கர்னலிலேயே சேர்ந்த கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் இருக்கிறது, க்னோம் பாக்ஸஸ் என்ற மென்பொருளைப் போட்டால் அதை எளிதாக ஓட்டலாம். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள மேக் வைத்திருப்பவர்கள் யுடிஎம் என்ற மென்பொருள் பக்கம் போகலாம், ஆனால் அங்கே பழைய எக்ஸ்பி போன்றவை கட்டளைக்குக் கட்டளை நிஜமாகவே மொழிபெயர்க்கப்பட்டு ஓடும், ஆமை வேகம்தான்.

ஆமை என்றதும் ஒன்று. விண்டோஸ் 11இல் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டும்போது ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரியலாம். மன்னார் வளைகுடாக்காரர்களான நமக்காக வைத்த படமோ என்று சந்தோஷப்பட வேண்டாம். விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர் ஏற்கெனவே கீழே ஓடிக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது, கொஞ்சம் மெதுவாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம். அந்த ஆமையை விரட்ட விண்டோஸின் பாதுகாப்பு வசதிகளை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பழகிப் பார்க்கிறவருக்கு அந்த வேகம் போதும், பாதுகாப்பை அணைக்காதீர்கள்.

ஐஎஸ்ஓ இறக்குவது

ஓர் இயங்குதளத்தின் நிறுவல் சிடியை அப்படியே ஒரே ஃபைலாக்கியதுதான் ஐஎஸ்ஓ. லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி வரும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை வைத்து தங்கச்சிமடத்தில் உட்கார்ந்து இறக்குபவருக்கு இது ஒரே நாள் வேலையில்லை. அதற்காக யாரோ பென் டிரைவில் தரும் ஐஎஸ்ஓவை வாங்கிக்கொள்ளலாமா? வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த லினக்ஸின் சொந்தத் தளத்தில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்தில் எஸ்ஹெச்ஏ256 என்று 64 எழுத்து எண்கள் கொண்ட ஒரு நீள வரி இருக்கும். ஃபைலில் ஒரு துளி மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும். விண்டோஸில் சர்ட்யூட்டில் என்ற கட்டளையும், லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் என்ற கட்டளையும் உங்கள் கையில் இருக்கும் ஃபைலுக்கு அந்த வரியைக் கணக்கிட்டுக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால், பென் டிரைவ் எத்தனை கை மாறி வந்திருந்தாலும் கவலையில்லை. இறக்கும்போது நெட் விட்டு விட்டு வந்து ஃபைல் கெட்டிருந்தாலும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இறக்கலாம். விஎம்முக்குள் ஓட்டினாலும் அதற்கு உரிமம் தனியாக வேண்டும், உள்ளே ஓடுவதால் இலவசம் ஆகிவிடாது. உரிமப் பூட்டை உடைத்துத் தரும் விண்டோஸ் ஐஎஸ்ஓக்களை விஎம்மில்தானே போடுகிறேன் என்று போட்டுக்கொள்பவர்கள், அதற்குள் தங்கள் மெயிலையும் திறப்பார்கள். அங்கேதான் வம்பு.

நிறுவும்போது

விர்ச்சுவல்பாக்ஸில் நியூ என்பதை அழுத்தி, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓவைக் காட்டி, ரேம் எவ்வளவு, பிராசசர் எத்தனை, டிஸ்க் எவ்வளவு என்று கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான். மின்ட்டுக்கு 3 ஜிபி ரேம், இரண்டு பிராசசர், 25 ஜிபி டிஸ்க் போதும். 25 என்று சொன்னதும் அவ்வளவையும் உடனே எடுத்துக்கொள்ளாது. அந்த ஃபைல் சிறிதாகத் தொடங்கி, உள்ளே எழுத எழுத வளரும்.

பிறகு ஸ்டார்ட். நிறுவிக்கொண்டு போகும்போது ஒரு கட்டத்தில் "டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிட்டு மின்ட்டை நிறுவவா?" என்று கேட்கும். இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்கும், போன் வரும். அழிக்கலாம். கெஸ்ட்டுக்குத் தெரிந்த டிஸ்க் அந்த ஒரு ஃபைல் மட்டும்தான், அதற்கு உங்கள் சி டிரைவ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்தத் திரையில் டிஸ்க்கின் அளவைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த 25 ஜிபிதான் இருக்கும், லேப்டாப்பின் 512 ஜிபி இருக்காது. இந்த ஒரு திரையைப் புரிந்துகொண்டால் விஎம் என்றால் என்ன என்பது பாதி புரிந்த மாதிரி.

மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை என்றால் வலது பக்கத்துக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை அழுத்துங்கள். நிறுவி முடித்ததும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைத் தொகுப்பைப் போட்டால் திரை முழு அளவுக்கு விரியும், மவுஸ் தானாக உள்ளே வெளியே போகும். ஆனால் அதே தொகுப்புதான் இரண்டு பக்கத்துக்கும் இடையே பல வழிகளைத் திறந்து விடக்கூடியதும். இனி அந்த வழிகளின் கதைதான்.

எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே திறந்திருக்கிறது

மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கடல் விரால் குஞ்சுகளை உற்பத்தி செய்து, கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கக் கற்றுக்கொடுத்ததை நம் கடற்கரையில் பலர் பார்த்திருப்பார்கள். கூண்டுக்குள் இருக்கும் மீனுக்கு அது கடல்தான், அதே தண்ணீர், அதே அலை. மீன் வெளியே போக முடியாது. ஆனால் வலைக் கண் வழியாகத் தண்ணீர் வந்து போகிறது, தண்ணீரோடு நோயும் வந்து போகலாம். விஎம்மும் இப்படித்தான். சுவர் அல்ல, வலை. கண் எவ்வளவு பெரிது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள்.

முதல் கண், நெட்வொர்க். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே நேட் என்ற முறையில் கெஸ்ட்டை இணைத்துவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் 10.0.2.15 என்று ஒரு முகவரி இருக்கும். வெளியிலிருந்து யாரும் நேராகக் கெஸ்ட்டின் கதவைத் தட்ட முடியாது, அது நல்லதுதான். ஆனால் உள்ளிருந்து வெளியே போக எந்தத் தடையும் இல்லை. இணையத்துக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டு ரவுட்டர், வைஃபை பிரிண்டர், அதே வைஃபையில் இருக்கும் அண்ணன் லேப்டாப்பில் பகிர்ந்து வைத்த ஃபோல்டர் வரை போய்ப் பார்க்கலாம். நேட் போட்டிருக்கிறேன், பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். பிரிட்ஜ்ட் முறை இன்னும் தாராளம். கெஸ்ட் உங்கள் ரவுட்டரில் இன்னொரு தனிக் கணினியாகவே பதிவாகிவிடும், இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு. காரணம் தெரியாமல் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஹோஸ்ட் ஒன்லி என்றால் ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் மட்டும் பேசிக்கொள்ளும். நாட் அட்டாச்ட் என்றால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்ட நிலை. சந்தேகம் இருந்தால் இதுதான் சரி.

இரண்டாவது, பகிர்ந்த ஃபோல்டர். எல்லாவற்றிலும் இதுதான் பெரிய ஓட்டை என்பேன். ஹோஸ்ட்டின் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரைக் கெஸ்ட்டுக்குள் காட்டினால், கெஸ்ட்டுக்குள் புகுந்த ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) அதை உள்ளே இருக்கும் இன்னொரு டிரைவ் என்றே பார்க்கும். எழுத அனுமதி இருந்தால் பூட்டிவிடும். விஎம் உடையவே இல்லை, நீங்களாகத் திறந்து கொடுத்த வழியில் அது வந்தது, அவ்வளவுதான். தேவைப்பட்டால் இதற்கென்று ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, ரீட் ஒன்லி என்று குறித்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பகிர்ந்த கிளிப்போர்டு. இரண்டு பக்கமும் காப்பி பேஸ்ட் செய்ய வசதியாக இருக்கும். ஹோஸ்ட்டில் நீங்கள் காப்பி செய்த வங்கிப் பாஸ்வேர்டை, கெஸ்ட்டுக்குள் ஓடும் ஏதோ ஒரு நிரல் படித்துவிடுவதற்கும் அதே வசதிதான் வழி. டிராக் அண்ட் டிராப்பும் அப்படியே. நம்பகமான லினக்ஸில் கற்றுக்கொள்ளும்போது திறந்து வைத்துக்கொள்ளலாம், சந்தேகமான எதையும் தொடும்போது டிசேபிள்ட். யுஎஸ்பியும் இதே ரகம். உள்ளே செருகிய பென் டிரைவை அப்படியே பிடுங்கி வெளியே செருகினால் தடுத்ததெல்லாம் வீண்.

வலையே கிழிவதும் உண்டு, அரிதாக. 2015இல் விஎம் ஓட்டப் பயன்படும் க்யூஎமு என்ற மென்பொருளில் ஒரு ஓட்டை வெளியானது, வெனம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது யாருமே பயன்படுத்தாத ஃபிளாப்பி டிரைவைப் போல நடிக்கும் பகுதியில் இருந்த பிழை அது. அதன் வழியாகக் கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டுக்குள் தாவ முடியும் என்ற நிலை. உடனே திருத்தம் வந்துவிட்டது. இதிலிருந்து நாம் செய்ய வேண்டியது இரண்டு: விர்ச்சுவல்பாக்ஸுக்கு அப்டேட் வந்தால் தள்ளிப் போடாமல் போடுவது, கெஸ்ட்டுக்குத் தேவையில்லாத சாதனங்களை (ஃபிளாப்பி, ஆடியோ, யுஎஸ்பி) அணைத்து வைப்பது.

இப்போது கீழக்கரைத் தம்பியின் ஜிப் ஃபைலுக்கு வருவோம். நெட்வொர்க் இல்லாமல், பகிர்ந்த ஃபோல்டர் இல்லாமல், ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு, கீழே சொல்கிறேன்) எடுத்து வைத்த விஎம்மில் திறந்தால், சாதாரண வைரஸ் அந்த ஜன்னலைத் தாண்டாது. ஆனால் திறந்து பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்பதால் ஃபைல் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. தான் விஎம்முக்குள் இருப்பதைக் கண்டுபிடித்து, சாதுவாக இருந்துவிடும் வைரஸ்கள் உண்டு. நெட் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதவையும் உண்டு. இதைவிட முக்கியம், விஎம் ஏமாற்றுக்கு மருந்தில்லை. அந்த ஜிப்புக்குள் வங்கிப் பக்கம் மாதிரி ஒன்று இருந்து, நீங்கள் விஎம்முக்குள் உட்கார்ந்துகொண்டே பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அடித்தால், பணம் அதே வேகத்தில் போகும். அதனால்தான் போன் போட்டுக் கேள் என்றேன்.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு 2019இல் வந்த விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் இருக்கிறது, ஹோம் பதிப்பில் கிடையாது. திறந்தால் ஒரு புத்தம்புதிய விண்டோஸ் ஜன்னல் வரும், மூடினால் உள்ளே செய்தது அத்தனையும் அழிந்துவிடும். ஒரு புது மென்பொருளை நிறுவிப் பார்க்க நல்ல வசதி. ஆனால் அதில் நெட்வொர்க்கும் கிளிப்போர்டும் தானாகவே திறந்திருக்கும், அதை மறக்க வேண்டாம்.

ஸ்னாப்ஷாட்டும் கரண்ட் கட்டும்

விஎம்மில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எல்லாம் சரியாக ஓடும் ஒரு நிலையில் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டால், பிறகு உள்ளே என்ன கூத்தடித்தாலும் ரீஸ்டோர் கொடுத்ததும் அந்த நிலைக்கே திரும்பிவிடும். லினக்ஸ் கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தைரியம் கிடையாது. எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை அடித்துப் பார், என்ன ஆகிறது பார்ப்போம் என்று சொல்லிக்கொடுக்கலாம்.

ஆனால் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று எண்ண வேண்டாம். அதுவும் அதே டிஸ்க்கில், மூல ஃபைலை நம்பித்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். பத்து ஸ்னாப்ஷாட் எடுத்துக் குவித்தால் டிஸ்க்கும் நிரம்பும், வேகமும் குறையும். இரண்டு மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். பேக்கப் வேண்டுமென்றால் விஎம்மை அணைத்துவிட்டு, எக்ஸ்போர்ட் கொடுத்து, கிடைக்கும் ஃபைலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாம்பன் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும்வரை பிரச்சினையில்லை. மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் விஎம் ஓட்டுவது ஆபத்து. முக்கியமாக ஸ்னாப்ஷாட்டை அழிக்கும்போது மாற்றங்கள் ஒன்றோடொன்று சேர்த்து எழுதப்படும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் மொத்த டிஸ்க் ஃபைலும் கெட வாய்ப்புண்டு. அவசரமாக மூட வேண்டுமென்றால் சேவ் ஸ்டேட் கொடுங்கள். ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நிற்கும், மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மீன் கம்பெனிக் கணக்கு

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர், அப்டேட் போடாத விண்டோஸ் கணினிகளில் யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே நெட்வொர்க் வழியாகப் பரவி உலகத்தையே ஆட்டிப் பார்த்தது. ஆகவே பழைய இயங்குதளத்தை விஎம்மில் ஓட்டுவதற்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: நெட்வொர்க் நாட் அட்டாச்ட். கணக்கு மென்பொருளுக்கு இணையம் எதற்கு?

செய்முறை எளிதுதான். முதலில் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதிலுள்ள எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். உப்புக் காற்று தின்ற போர்டை இன்னொரு முறை ஆன் செய்து பார்ப்பதைவிட இது நல்லது. பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்து, 512 எம்பி ரேம், 10 ஜிபி டிஸ்க் கொடுத்து, கையில் இருக்கும் சிடியிலிருந்து நிறுவலாம். உரிமத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கணினியோடு சேர்ந்து வந்த எக்ஸ்பி உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினிக்கு மட்டும்தான் செல்லும்.

நெட்வொர்க்கும் இல்லை, பகிர்ந்த ஃபோல்டரும் இல்லை என்றால் மென்பொருளை உள்ளே கொண்டுபோவது எப்படி? ஒரு வழி இருக்கிறது. தேவையான ஃபோல்டரை ஹோஸ்ட்டில் ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக மாற்றி, அதை விஎம்மின் சிடி டிரைவில் போடுங்கள். கெஸ்ட்டுக்கு அது ஒரு சிடி. படிக்கலாம், எழுத முடியாது. ஒருவழிப் பாதை. வெளியே கொண்டுவர, மாதக் கணக்கு முடிந்ததும் ரிப்போர்ட்டை எடுக்க, ஒரு காலி ஃபோல்டரை அந்தச் சில நிமிடத்துக்கு மட்டும் பகிர்ந்து, வெளியே வந்த ஃபைலை ஆன்டிவைரஸில் ஓட்டிவிட்டுப் பகிர்வை எடுத்துவிடலாம். மென்பொருளைத் திறக்க யுஎஸ்பியில் செருகும் பூட்டுச் சாவி இருந்தால் அந்த ஒரு சாதனத்தை மட்டும் கெஸ்ட்டுக்குக் கொடுங்கள், மற்றவை வேண்டாம். பழைய பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டு என்றால் விஎம்மில் வேலை செய்யும் என்று நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் தகராறு பண்ணும். ரிப்போர்ட்டை ஃபைலாக எடுத்து, ஹோஸ்ட்டிலிருந்து அச்சடிப்பதே நிம்மதி.

கம்பெனிக்காரரிடம் நான் இன்னொன்றும் சொல்வேன். இது அந்தக் கணக்கை இன்னும் சில வருடம் உயிரோடு வைக்கும் ஏற்பாடு. அதற்குள் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களின் பாக்கிப் பட்டியலையாவது எக்செல்லுக்கு மாற்றி வையுங்கள் என்பேன். சிலர் மாற்றுவார்கள். பலர், "ஓடுதுல்ல, விடுங்க தம்பி" என்பார்கள்.

விஎம் வேண்டாம் என்று தோன்றினால், விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் அதன் மேல் வலது கிளிக் செய்து ரிமூவ் கொடுங்கள். பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, ஃபைல்களோடு அழிக்கவா என்று கேட்கும். இரண்டாவதைச் சொன்னால்தான் டிஸ்க்கில் இடம் திரும்பக் கிடைக்கும், ஸ்னாப்ஷாட்களும் சேர்ந்து போகும். இறக்கிய ஐஎஸ்ஓ மட்டும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். இரண்டு நாள் டேட்டாவைக் கொட்டி இறக்கியது, அதை அழிக்காதீர்கள்.